9 மி.மீ. மறுநிரப்புத் தோட்டா அறையில் அமரவில்லை: கிரிம்பை இறுக்கலாமா?

கேள்வி:
அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்காக 9 மி.மீ. தோட்டாக்களை மறுநிரப்புகிறேன் (சுட்ட கூடுகளில் மீண்டும் மருந்தும் குண்டும் இடுகிறேன்). சில தோட்டாக்கள் குழலின் அறைக்குள் முழுமையாக இறங்குவதில்லை. கிரிம்பை, அதாவது கூட்டின் வாயைக் குண்டின்மீது அழுத்தும் கடைசிப் படியை, இன்னும் இறுக்கினால் சரியாகுமா?

மறுமொழி 1:
காரணம் தெரியாமல் இறுக்காதீர்கள். இத்தோட்டா பித்தளைக் கூட்டின் வாய் விளிம்பைக் கொண்டே அறையில் நிலைகொள்வதால், குண்டை வைப்பதற்காக விரித்த வாயை மீண்டும் நேராக்குவது மட்டுமே கிரிம்பின் வேலை. விளிம்பின் வெளிவிட்டம் 0.380 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. மிகையாக இறுக்கினால் குண்டு நசுங்கும். பித்தளை சற்றே மீண்டு விரிவதால், நாம் நினைப்பதற்கு மாறாகப் பிடிப்பும் தளரும்.

மறுமொழி 2:
மருந்தும், அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்றைச் செய்து, அதன்மீது மார்க்கர் மை பூசி, கழற்றிய குழலுக்குள் இட்டுச் சுழற்றுங்கள். குண்டின் வளைவில் மை உரசியிருந்தால் குண்டு குழலின் உள்வரிகளை (அதைச் சுழலவைக்கும் சுருள் வரிகளை) தொடுகிறது. வாய் விளிம்பில் என்றால் விரிவு முழுமையாக நீங்கவில்லை. அடிப்பகுதியில் என்றால் கூட்டை அளவுக்குச் சுருக்கும் படியிலேயே குறை இருக்கிறது. சரியான தோட்டா தடையின்றிச் சுழலும், குழலைக் கவிழ்த்தால் தானாகவே விழும்.

மறுமொழி 3:
உள்வரிகளைத் தொட்டால் குண்டைச் சற்று ஆழமாக அமர்த்த நேரும். ஆனால் ஆழம் கூடினால் அழுத்தமும் உயரும் என்பதால், நிரப்புக் கையேட்டில் உள்ள நீளத்துக்குக் கீழே தயவுசெய்து போகாதீர்கள். மாதிரித் தோட்டாவின் முனையை மேசையில் அழுத்திய பின் நீளம் குறைகிறதா என்றும் அளந்து பாருங்கள்; குறைந்தால் குண்டின் மீதான பிடிப்பு போதவில்லை.