பக்கிங்ஹாம் கால்வாய், 1877 பஞ்சம்: வகுப்புக்கு மூல ஆவணம் வேண்டும்

வணக்கம். மரக்காணம் பக்கம் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். ஊரை ஒட்டி ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு பகுதி 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது என்பது பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பாடப்புத்தகத்தை விட்டுவிட்டு அந்தக் காலத்து ஆவணங்களையே படிக்க வைக்க ஆசை.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் பஞ்ச அறிக்கைகள் இருக்கின்றன. நிவாரணச் செலவைக் கவனிக்க ஆங்கில அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஒரு ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்ததும், மெட்ராஸ் மாகாண சுகாதார ஆணையரான மருத்துவர் கார்னிஷ் அது உயிர் வாழவே போதாது என்று எதிர்த்ததும், இரண்டு பக்கத்தையும் வைத்து வகுப்பில் வாதாட விடலாம், அருமையான பாடம். ஆனால் நம் பகுதியில் கால்வாய் வெட்டியவர்களைப் பற்றி, முகாம், கூலிக் கணக்கு மாதிரி எதுவும் சிக்கவில்லை. ஊர்ப்பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பதால் தேடலும் உதவவில்லை. எந்தத் துறை ஆவணத்தில், எந்தத் தளத்தில் பார்க்கலாம்? பழைய நில அளவை வரைபடம் யாரிடமாவது இருக்கிறதா?

அப்புறம், அந்தப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களை ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஹூப்பர் எடுத்த புகைப்படங்களை இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? எனக்குத் தயக்கம்தான். வகுப்பில் காட்டிய ஆசிரியர்கள் இருந்தால் சொல்லுங்கள்.