பெண் தலைவர்களைப் பற்றிப் பென்சில் அனிமேஷன் செய்தவர்கள்: மறக்க முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

சென்னிமலைக்காரன்:
ஊராட்சித் தலைவிகளைப் பற்றி நாலு நிமிடப் படம், எல்லாமே கையால் வரைந்தது. அடியில் விளக்கெரியும் லைட் பாக்ஸ், துளையிட்ட தாள்கள் நகராமல் மாட்டிவைக்கும் பெக் பார், இவைதான் கருவிகள். காங்கேயம் பக்கம் ஒரு அலுவலகத்தில் தலைவரம்மா கையெழுத்துப் போடுவதைப் பார்த்து வரைந்தேன். பக்கத்தில் அவர் வீட்டுக்காரர், ஒவ்வொரு தாளிலும் விரலை வைத்து "இங்க, இங்க" என்று காட்டிக்கொண்டிருந்தார். கண்ட மாதிரியே வரைந்தேன். லைன் டெஸ்ட்டை, அதாவது வண்ணம் தீட்டுமுன் கோட்டுப் படங்களை மட்டும் ஓட்டிப் பார்க்கும் சோதனையை, அந்தம்மா இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, அந்த வெரலை மட்டும் எடுத்துப்போடலாமுங்களா? எம்புள்ள பார்ப்பாளுங்க" என்றார். படம் இன்னும் அந்த ஷாட்டிலேயே நிற்கிறது.

பவானிக்காரி:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எடுத்துவிடுங்கள். ஊராட்சி செக்கில் கையெழுத்துப் போட வேண்டியது தலைவரும் துணைத்தலைவரும். வீட்டுக்காரருக்குச் சட்டத்தில் இல்லாத இடத்தை நீங்கள் எதற்குப் படத்தில் கொடுக்கிறீர்கள்? எங்கள் அத்தை 1996-ல் ஒதுக்கீட்டில் வார்டு உறுப்பினர் ஆனவர். தெருக்குழாய்க்காக அலைந்தது அவர், ஆனால் ஊரில் கேட்டால் "மாமா போட்ட குழாய்" என்பார்கள். 2016-ல் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று ஆக்கிய பிறகும் பேச்சு மாறவில்லை. படமும் அதையே சொன்னால் எப்படி?

கோவை கலரிஸ்ட்:
பவானி அக்கா சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நடந்ததை அழித்துவிட்டு எதைக் காட்டுவது?

என் கதை வேறு. சட்டமன்ற வைட் ஷாட், 234 தலை. 2021 தேர்தலில் ஜெயித்த கணக்குப்படியே வேண்டும் என்றார் இயக்குநர், அதாவது 12 பெண்கள். வெள்ளைச் சட்டைகளை மொத்தமாக நிரப்பிவிட்டு, 12 சேலைதானே, மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று குஷியாக இருந்தேன். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாப்பா, "அக்கா, மத்த சேலையெல்லாம் எப்ப வரைவீங்க?" என்றாள். பெண்களுக்கு மூன்றில் ஒரு இடம் என்றால் 78 சேலை. அதற்காக 2023-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பாப்பாவிடம் எதைச் சொல்ல!

மொடக்குறிச்சி:
1996 தேர்தலில் எங்கள் தொகுதியில் 1,033 பேர் நின்றது எல்லோருக்கும் தெரியும். அதை வரைய ஒரு பெரியவரிடம் கேட்டேன். புத்தகம் மாதிரி வந்த வாக்குச்சீட்டை அட்டை முதல் விவரித்தார். ஜெயித்தது யார் என்றால், "அது யாரோங்க" என்றார். தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன்!

சரி, சென்னிமலைக்காரருக்கு ஒரு யோசனை. விரலைத் தனித் தாளில் வரையுங்கள், அதே பெக்கில் மாட்டி. ஸ்கேன் செய்ததும் தனி லேயராக வைத்துக்கொண்டால் வேண்டும்போது வைக்கலாம், எடுக்கலாம். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும், ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்தாலே விநாடிக்கு 12 தாள், நாலு நிமிடத்துக்கு 2,880. ஆகவே கையெழுத்து ஷாட்டில் உடம்பை ஒரே தாளில் நிறுத்திவிட்டு மணிக்கட்டை மட்டும் அசையுங்கள். கோடு நடுங்கினால் நடுங்கட்டும், திருத்தாதீர்கள். தாளை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். மழைக்காலத்தில் பெக் துளை தளர்ந்து படம் முழுக்க ஆடும். பென்சில் 2பி போதும். பக்க எண்ணை மேல் மூலையில் எழுதுங்கள், கீழே எழுதினால் கை பட்டு அழிந்துவிடும்.

பவானிக்காரி:
அவர் பென்சில் நம்பரா கேட்டார்? அந்தம்மாவையே இன்னொரு தடவை கேளுங்கள், அதுதான் முறை.

சென்னிமலைக்காரன்:
கேட்கலாம் என்றுதான் பார்க்கிறேன். 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்துவிட்டது, அலுவலகத்தில் போய்ப் பார்க்க முடியாது. போன் போட்டால் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார்.