மறுமொழி: செறிவூட்டிய ஒயினா, வலுவேற்றிய ஒயினா?

குழுவினருக்கு வணக்கம். சாராயம் சேர்த்து ஆல்கஹால் அளவைக் கூட்டிய ஒயினை ஆங்கிலத்தில் fortified wine என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் அதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை வைப்பது என்று நீங்கள் எழுதியவற்றுக்கு என் மறுமொழி இது.

> ‘செறிவூட்டிய ஒயின்’ என்றே வைத்துவிடலாம். அரிசிக்கு அப்படித்தானே சொல்கிறோம்?

அதனால்தான் வேண்டாம் என்கிறேன். செறிவூட்டிய அரிசி என்றால் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்த்தது. அதே சொல்லை ஒயின் புட்டியில் பார்ப்பவர், உடம்புக்கு ஏதோ சத்து சேர்த்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். சேர்ப்பது சத்து இல்லை, சாராயம். ‘வலுவூட்டிய’ என்பதிலும் அந்த ‘ஊட்டு’ நிற்கிறது; டானிக் வாடை போகவில்லை.

‘வலுவேற்றிய ஒயின்’ என்பது என் பரிந்துரை. மெருகேற்று, சூடேற்று என்பதுபோல வலுவேற்று. ஏறுவது ஆல்கஹாலின் அளவு, சொல்லும் அதைத்தான் காட்டுகிறது.

> சாராயம் ஊற்றி நொதித்தலை நிறுத்துவதுதானே முக்கியம்? ‘நொதிநிறுத்திய ஒயின்’ இன்னும் துல்லியமாயிற்றே.

இவ்வகை ஒயின்களில் ஒன்றான போர்ட்டுக்கு மட்டும் என்றால் சரி. போர்த்துகலின் டோரு பள்ளத்தாக்கில், சாறு ஏறக்குறைய பாதி நொதித்திருக்கும்போதே 77 விழுக்காடு ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றுகிறார்கள். நான்கு பங்கு சாற்றுக்குச் சுமார் ஒரு பங்கு. ஈஸ்ட் அதைத் தாங்காமல் செத்துப்போகும். அது தின்னாமல் விட்ட சர்க்கரை அப்படியே தங்கிவிடும். ஆக, போர்ட்டின் இனிப்பு திராட்சையில் மிஞ்சிய இனிப்பு. முடிவில் ஆல்கஹால் 19 முதல் 22 விழுக்காடு வரை நிற்கும்.

ஆனால் இன்னொரு வகையான ஷெர்ரி இடிக்கிறது. ஸ்பெயினின் ஹெரேஸ் பகுதியில் நொதித்தல் முழுக்க முடிந்த பிறகுதான் சாராயம் சேர்ப்பது வழக்கம். நிறுத்துவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. ஃபினோ என்ற ஷெர்ரி வகையில் இனிப்பே இருக்காது. எனவே ‘வலுவேற்றிய’ பொதுப்பெயராக இருக்கட்டும். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘இடையில் வலுவேற்றியது’, ‘முடிவில் வலுவேற்றியது’ எனலாம்.

ஒயினுக்கே ‘தேறல்’ வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு ‘தேறல்’ என்றுதான் சொல்கிறது. ‘வலுவேற்றிய தேறல்’ என்றாலும் பொருந்தும். முதலில் அடைமொழியை முடித்துவிடுவோம்.

அப்புறம், சுவைக்குறிப்புச் சொற்கள். நேற்று விலை குறைந்த ரூபி போர்ட் ஒன்றைத் திறந்து, பட்டியலில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். போர்ட்டில் மலிவான வகை ரூபிதான். நிறமும் பழ மணமும் கெடாமலிருக்க, காற்று அதிகம் படாத பெரிய கலன்களில் சில ஆண்டுகள் மட்டும் வைத்துப் புட்டியில் அடைப்பார்கள். ஊற்றியதும் கருஞ்சிவப்பு, ஓரத்தில் ஊதாச் சாயல். மூக்கில் செர்ரி, உலர்திராட்சை, கொஞ்சம் மிளகு. வாயில் முதலில் இனிப்பு நிறைகிறது. அடுத்து ஈறுகளை லேசாக இழுத்துப் பிடிக்கிறதே, அது திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் தரும் துவர்ப்பு. அதற்கு நம்மிடம் புதுச்சொல்லே தேவையில்லை.

விழுங்கும்போது தொண்டையில் ஏறுவதைப் பட்டியலில் ‘வெப்பம்’ என்று போட்டிருக்கிறீர்கள். வெப்பம் தெர்மாமீட்டரில் அளப்பது. இது காட்டம். சாராயத்துக்கும் புகையிலைக்கும் மக்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் சொல்லை நாம் ஏன் விட வேண்டும்? இந்தப் புட்டியில் காட்டம் பழச்சுவையோடு கலக்காமல் தனியே துருத்திக்கொண்டு நின்றது. சிறிது குளிர வைத்துக் குடித்தபோது அடங்கியது, பழமும் தெளிவாகத் தெரிந்தது. ‘வெப்பம் குளிர்ந்ததும் குறைந்தது’ என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்?

ஆங்கில ‘body’க்கு வைத்த ‘உடல்’ என்பதையும் எடுத்துவிடுங்கள். நாக்கில் உணர்வது ‘கனம்’. விழுங்கிய பின் நிற்பதற்குப் ‘பின்சுவை’ நன்றாகவே இருக்கிறது. இந்த ரூபியில் கனம் உண்டு, பின்சுவை சீக்கிரம் தீர்ந்து இனிப்பு மட்டும் தங்குகிறது. ஆனாலும் கொடுத்த பணத்துக்குக் குறையில்லை, மறுபடி வாங்குவேன்.

போர்ட், ஷெர்ரி, மதெய்ரா எல்லாம் ஊர்ப் பெயரிலிருந்து வந்தவை, அப்படியே இருக்கட்டும். ‘டானி’ (tawny) விஷயத்தில்தான் எனக்கு உங்கள் கருத்து வேண்டும். மரப்பீப்பாயில் நெடுநாள் கிடந்து, சிவப்பு வெளிறிப் பழுப்பேறிய போர்ட் அது. ‘பழுப்புப் போர்ட்’ என்று எழுதலாமா?