'டெட் ஜோன்': தமிழில் என்ன சொல்லலாம்? வெள்ளிக்குள் வேண்டும்

வணக்கம்.

வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வை-ஃபைக்கு அருகலை, ரவுட்டருக்குத் திசைவி என்று எழுதிவிட்டேன். வீட்டுக்குள் வை-ஃபை கிடைக்காத இடத்தைச் சொல்லும் 'டெட் ஜோன்' வந்ததும் கை நின்றுவிட்டது. முதல் வரைவில் 'இறந்த மண்டலம்' என்று இருந்தது. அதைப் பார்த்த அம்மா, "வீட்டைப் பத்தி எழுதுற இடத்துல எதுக்கு இந்தப் பேச்சு?" என்றார். அடித்துவிட்டேன்.

எங்கள் வீட்டிலேயே அப்படி ஓர் இடம் உண்டு. திசைவி வாசல் அறையில் இருக்கிறது. பின்னறைக்கும் அதற்கும் நடுவே இரும்பு பீரோ. பின்னறை மேசையில் உட்கார்ந்தால் அலுவலகக் கூட்டத்தில் என் முகம் உறைந்து நிற்கும். இரண்டடி நகர்ந்து, மடிக்கணினியை அரிசி டிரம் மேல் வைத்தால் சரியாகிவிடும். அந்த மேசை இருக்கும் இடத்துக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

— மொழிபெயர்ப்பாளர், திருச்சி

அம்மா, சொல் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கிறது, இந்தப் பக்கம் நமக்குக் காற்றுதான் மிச்சம். இதைத்தான் மழை மறைவுப் பகுதி என்று நடத்துகிறோம். உங்கள் பீரோதான் மலை, பின்னறைதான் எங்கள் ஊர். அலைமறைவு என்று எழுதுங்கள், பத்தாம் வகுப்பு படித்தவர் யாருக்கும் புரியும்.

— புவியியல் ஆசிரியர், தேனி

ஒப்புமை நன்றாக இருக்கிறது சார். ஆனால் எல்லா இடத்திலும் மறைப்பது மட்டுமே காரணமில்லை. வை-ஃபை பயன்படுத்தும் அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ., 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 6 செ.மீ. இரண்டாவதில் நெட் வேகமாகக் கிடைக்கும், ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டுவதற்குள் ஓய்ந்துவிடும். சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதும் உண்டு. அப்போது ஒரு சாண் நகர்ந்தாலே சரியாகிவிடும். வெறும் தூரமும் காரணமாகலாம். காரணத்தைப் பெயரில் கட்டாமல் 'எட்டாமூலை' என்று வைத்தால் என்ன?

அக்கா, பெயர் எதுவானாலும் திசைவியை வீட்டின் நடுவில், உயரத்தில் வைக்கச் சொல்லும் வரியை விட்டுவிடாதீர்கள்.

— வலையமைப்புப் பொறியாளர், சென்னை

எட்டாமூலையை எட்டாம் மூலை என்று படிப்பார்கள் தம்பி. ஈசானி மூலை, கன்னி மூலை என்று வாஸ்து பார்க்கும் வீடுகளில் வேறு குழப்பமாகும். 'மறைவு' என்றாலோ இரங்கல் செய்திதான் நினைவுக்கு வரும். 'நிழல்' என்று யாரும் கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: நமக்கு நிழல் என்பது காப்பு. குறள் 1034 பேசும் குடை நீழலைப் பாருங்கள். இல்லாமையைக் குறிக்க அது உதவாது.

என் முன்மொழிவு அலைப்பாலை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை. அங்கே பாலை ஒரு நிலம் அல்ல, நிலத்துக்கு வந்த நிலை. உங்கள் பின்னறையும் அப்படித்தான். பீரோவை நகர்த்தினால் முல்லை திரும்பிவிடும். ஒற்றை மறக்க வேண்டாம். அலைகடல் வினைத்தொகை, அங்கே மிகாது. இங்கே அலை பெயர்ச்சொல், ப் மிக வேண்டும். அலைபேசிக்கு ஏன் மிகவில்லை என்பதை 20 ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

— ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை

ஐயா, அலைபேசி ஊன்றிவிட்டது, அதை விட்டுவிடலாம். கையேட்டைப் படிக்கப்போகிறவர் ஒன்பது மணிக்கு வேலையில் உட்கார வேண்டியவர். அவரிடம் பாலைக்கு விளக்கம் சொல்ல இடமேது?

எங்கள் பக்கம் "நெட் எடுக்கல" என்கிறோம். மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்கிறோமே, அதே எடு. எவ்வளவு பொருத்தமான வினை! யாரும் குழு போட்டு உருவாக்கவில்லை, கிணற்றடியிலிருந்து தானாக வந்து ஒட்டிக்கொண்டது. நெட்டை எடுத்துவிட்டு 'அலை எடுக்காத இடம்' என்று எழுதினால் தூய்மைக்கும் குறைவில்லை.

— கணக்காளர், ஈரோடு

எடுக்காத இடம் என்றால் எதை எடுக்கவில்லை, யார் எடுக்கவில்லை என்று எழுவாய் தேட வேண்டியிருக்கிறதே! மேலும் அது சொற்றொடர், கலைச்சொல் அல்ல.

— மதுரை

மழை மறைவுப் பகுதியும் சொற்றொடர்தானே ஐயா? தாகம் எடுக்கிறது, பசி எடுக்கிறது என்கிறோம். அங்கெல்லாம் யார் எடுக்கிறார்கள்?

— ஈரோடு

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழன் இரவு, பக்கங்களைக் கட்டி அனுப்பியாக வேண்டும். தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்து ஐந்து பேர் 'அலை எட்டா இடம்' போதும் என்கிறார்கள். எனக்கு ஈரோட்டு வினைமேல்தான் ஆசை. ஆனால் வேறு மாவட்டத்தார் அதை எப்படிப் படிப்பார்களோ என்று தயக்கம். அட்டவணைத் தலைப்பில் 'அலை எட்டா இடம்' என்றும், உள்ளே ஒரே ஒரு வரியில் 'அலை எடுக்காவிட்டால்' என்றும் போட்டிருக்கிறேன். அப்புறம், இதே கையேட்டில் 'சேனல்' வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பிரித்து எண் இட்ட பகுதிகள் அவை; அவற்றில் 1, 6, 11 ஒன்றின்மேல் ஒன்று ஏறாது என்று விளக்க வேண்டும். தடமா, வாய்க்காலா?

— திருச்சி

தடம். வாய்க்கால் வேண்டாம். ஆனால் முதல் சொல்லில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை அம்மா. திங்கட்கிழமை பருவக்காற்றுப் பாடம் நடத்தப்போகிறேன். வீட்டில் எந்த இடத்தில் நெட் வராது என்று பிள்ளைகளிடம் கேட்டு, பலகையில் மலைக்குப் பக்கத்தில் ஒரு பீரோவையும் வரைந்து, அலைமறைவு என்றுதான் எழுதுவேன்.

— தேனி