குழித்துறை ஆற்றங்கரைக்கு வேலியும் பூட்டும் வேண்டுமா?

ரப்பர்தோட்டம்:
தம்பி மகன் ஆக்ஸ்போர்டில் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போய் இரண்டு வாரம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே செர்வெல் ஆற்றை ஒட்டி சுமார் 70 ஏக்கரில் ஒரு பூங்கா, பெயர் யுனிவர்சிட்டி பார்க்ஸ். 1850-களில் மெர்டன் கல்லூரியிடம் பல்கலைக்கழகம் வாங்கிய நிலம். 1860-களில் மரம் நட்டுப் பாதை போட்டிருக்கிறார்கள். உள்ளே போகக் காசு கிடையாது. நடுவில் கிரிக்கெட் மைதானம், அதற்கும் டிக்கெட் இல்லை. காலை 7.45-க்குத் திறந்து இருட்டுமுன் பூட்டிவிடுவார்கள். சைக்கிள் ஓட்டக் கூடாது. நான் நடந்த நாட்களில் ஒரு பிளாஸ்டிக் கவர் கண்ணில் படவில்லை.

ஊருக்கு வந்த மறுநாள் நம் குமரி மாவட்டத் தாமிரபரணியில் கால் நனைக்க இறங்கினால் குப்பி உடைந்து கிடக்கிறது. சப்பாத்துத் தரைப்பாலத்துப் பக்கத்துக் கரையை வேலி போட்டு, கேட் வைத்து, மாலை ஆறு மணிக்குப் பூட்டினால் என்ன? பாதி நாற்றம் போய்விடும்.

மூவாற்றுமுகம்:
சார், மரம் நடுங்கள், பெஞ்சு போடுங்கள், நானும் வந்து உட்காருவேன். பூட்டு மட்டும் வேண்டாம். நீங்கள் பார்த்த பூங்கா ஊருடையது இல்லை, பல்கலைக்கழகத்துடையது. அவர்கள் விடுகிறார்கள், ஊர் நடக்கிறது. டிசம்பர் 24 அன்று முழு நாளும் பூட்டு. சொந்த நிலத்தில் ஜனங்கள் நடந்து நடந்து அது பொதுவழி ஆகிவிடக் கூடாது என்று வருடத்தில் ஒரு நாள் அடைப்பது இங்கிலாந்தில் பழைய வழக்கம். நம் கரை யார் விட்டு நாம் நடப்பது?

இன்னொன்று. அந்தச் செர்வெல்லிலும் ஒரு குளிக்கிற கடவு இருந்தது. பார்சன்ஸ் பிளெஷர் என்று பெயர், ஆண்களுக்கு மட்டும். துணியே இல்லாமல் குளிப்பார்கள். படகில் பெண்கள் வந்தால் முன்னாலேயே இறங்கி, கரைவழியாகச் சுற்றி நடந்து, அந்தப் பக்கம் போய் ஏறிக்கொள்ள வேண்டும். 1991-இல் மூடிவிட்டார்கள். இப்போது அதுவும் பூங்காவோடு சேர்ந்துவிட்டது. பூங்கா வளர்ந்தது, கடவு போனது. நான் பயப்படுவது அதற்குத்தான்.

ரப்பர்தோட்டம்:
அம்மணக் குளியலை மூடியதற்கு நான் அழ வேண்டுமா தம்பி? நம் ஊரில் யாரும் அப்படிக் குளிப்பதில்லை, கடவையும் யாரும் மூடப்போவதில்லை.

சிதறால் அக்கா:
அங்கே பெண்களுக்கும் டேம்ஸ் டிலைட் என்று ஒரு கடவு இருந்தது. ஆண்கள் கடவுக்கும் முன்பே அதை மூடியாயிற்று. அதை இரண்டு பேரும் சொல்லவில்லை, பரவாயில்லை.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் சாயங்காலம் துணி அலக்கிக் குளித்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவோம். இப்போது ஐந்து மணிக்கே பைக் வந்து இறங்கிவிடும். அதற்கப்புறம் எந்தப் பெண் போவாள்? எங்கள் அம்மா காலில் குப்பிச் சில்லு ஏறி மூன்று தையல். புகார் எழுதிக் கொண்டுபோனால் இது எங்கள் எல்லை இல்லை என்று அடுத்த ஆபீசுக்கு அனுப்பினார்கள், அவர்கள் இன்னொரு ஆபீசைக் கை காட்டினார்கள். எனக்குப் பூட்டு வேண்டும். ஆனால் பைக் இறங்குகிற வழிக்கு. குளிக்கிற படிக்கு இல்லை.

தேங்காப்பட்டணம்:
நீங்கள் வேலி போடுங்கள், அது எங்கள் ஊருக்குத்தான் வரும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளில் உபரி திறந்தால் எல்லா வெள்ளமும் உங்கள் வாசல் வழியாகத்தான் ஆறு கடலில் சேரும் எங்கள் பொழிமுகத்துக்கு வரும். 2021 நவம்பரில் சப்பாத்து முங்கிக் கிடந்ததை மறந்துவிட்டீர்களா? கம்பி வேலியில் வாழைத்தண்டும் குப்பையும் வந்து அடைக்கும். அடைத்தால் வெள்ளம் பக்கத்துத் தோப்புக்குள் திரும்பும். அப்புறம் வேலி தூணோடு பிடுங்கிக்கொண்டு கடலுக்குப் போகும். ஒப்பந்தக்காரருக்கு மட்டும் வருடா வருடம் வேலை.

ரப்பர்தோட்டம்:
இது நியாயமான பேச்சு. கம்பி வேலியை விட்டுவிடலாம், மேட்டில் மரவரிசை போதும். செலவைப் பற்றி ஒன்று: அந்தப் பூங்காவில் ஆற்றின்மேல் வளைவாக ஒரு நடைபாலம் இருக்கிறது. 1923-24-இல் வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காகவே கட்டியது. நூறு வருடம் ஆகியும் ஆட்கள் அதில் நடக்கிறார்கள். நம்மிடம் நூறு நாள் வேலை இருக்கிறதே, அதில் கரையைச் சீராக்கலாம்.

தேங்காப்பட்டணம்:
குழித்துறை நகராட்சி அண்ணே. நூறு நாள் வேலை பஞ்சாயத்துக்கு.

ரப்பர்தோட்டம்:
சரி, அதில் தவறிவிட்டேன். கேட் விஷயத்தில் விடமாட்டேன்.

மூவாற்றுமுகம்:
அப்படியானால் ஆடி அமாவாசையை, நம் வாவுபலி நாளைச் சொல்லுங்கள். விடியுமுன்னே இறந்த முன்னோருக்குப் பலியிட வந்துவிடுகிறார்கள். முங்கி எழுந்து, பிண்டத்தை ஆற்றில் விட்டு, அப்புறம்தான் வாவுபலி பொருட்காட்சியில் மாங்கன்றும் பலாக்கன்றும் வாங்கப் போவார்கள். 7.45-க்குக் கேட் திறந்தால் அவர்கள் ரோட்டில் நிற்பதா? சாவி யார் கையில் இருக்கும்? நகராட்சியிலா, கோவிலிலா, காவலாளி வீட்டிலா?

ரப்பர்தோட்டம்:
வாவு அன்றைக்கு மட்டும் ராத்திரியே திறந்து வைக்கலாமே.

மூவாற்றுமுகம்:
அங்கே வருடத்தில் ஒரு நாள் பூட்டுகிறார்கள். இங்கே ஒரு நாள் திறந்துவிடுவீர்களா சார்? சாவு வீட்டிலிருந்து சாயங்காலம் முங்கிக் குளிக்க வருபவர்கள் அமாவாசை பார்த்தா வருகிறார்கள்?

சிதறால் அக்கா:
இந்த ஒரு இடத்தில் தம்பி சொல்வது சரி. எங்கள் மாமனார் போன அன்றைக்கு நாங்கள் ஆற்றுக்கு வந்தபோது மணி ஏழரை. நல்ல இருட்டு, ஆண்கள் டார்ச் அடித்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குக் கேட் இருந்திருந்தால் யாரைப் போய்த் தட்டுவது? ஒரு விளக்குக் கம்பம் இருந்திருந்தால் போதும்.

ரப்பர்தோட்டம்:
சரி அக்கா. கேட்டை எடுத்துவிடுகிறேன். பைக் இறங்கும் வழியில் கல்தூண் நடலாம், படியருகே இரண்டு விளக்கு. இதற்காவது ஒத்துக்கொள்வீர்களா?

மூவாற்றுமுகம்:
விளக்குக்குச் சரி. கல்தூண் எவ்வளவு இடைவெளியில்? போன வாவுக்கு ஒரு அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அது நுழைய வேண்டும், பைக் நுழையக் கூடாது. அளவு பார்த்து யாராவது சொல்லுங்கள்.