மறுமொழி: சுண்ணாம்பாறா, சுண்ண ஊற்றாறா?

சீமைச்சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளில் பிறக்கும் ஆற்றை ஆங்கிலத்தில் chalk stream என்பார்கள்; கோடையில் வற்றிக் குளிர்காலத்தில் ஓடும் அதன் மேல்பகுதி winterbourne. இவ்விரண்டுக்கும் தமிழ்ப்பெயர் தேடுகிறோம்; நீங்கள் கேட்டவை மேற்கோளில்.

> "சுண்ணாம்பாறு" போதுமே, சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் அந்தப் பெயரில் புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் சாலையில் ஏற்கெனவே ஓர் ஆறு இருக்கிறது. தேடுகிறவருக்குப் படகுக் குழாம்தான் கிடைக்கும்! அதைவிடப் பெரிய சிக்கல்: சுண்ணாம்பு என்றதும் நமக்குச் சுண்ணாம்புக்கல் நினைவுக்கு வரும். நாம் பேசுவதோ சீமைச்சுண்ணாம்பு எனப்படும் மென்பாறை. கடினமான சுண்ணாம்புக்கல்லில் நீர் வெடிப்பும் குகையுமாக விரைந்து ஓடிவிடும். இந்த மென்பாறை மழைநீரை உள்வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடும். அதனால்தான் ஊற்றில் வரும் நீர் ஆண்டு முழுதும் ஏறக்குறைய 10–11 பாகை செல்சியசில், தெளிவாக இருக்கிறது. ஊற்று இல்லையென்றால் ஆறே இல்லை. ஆகவே "சுண்ண ஊற்றாறு" என்கிறேன்.

> கோடையில் வற்றும் மேல்பகுதிக்குக் "கூதிரோடை"?

அழகான சொல், நடப்பதற்கு நேர்மாறு. கூதிர் என்பது ஐப்பசி, கார்த்திகை; அப்போது இந்த ஓடை பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். இங்கிலாந்தில் பெர்க்சயரின் லாம்போர்ன் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள், நியூபரியில் கென்னட்டோடு சேரும் சிற்றாறு. அக்டோபரில் மேட்டு வயல்களை உழுது போட்டிருப்பார்கள். வெளிறிய மண்ணில் சக்கிமுக்கிக் கற்கள் புரண்டு கிடக்கும். பீச் மரங்கள் செம்பழுப்பாகும், மழையும் வந்துவிடும். ஆனால் கிரேட் ஷெஃபர்டுக்கு மேலே ஆற்றுத்தடம் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். கோடையில் உலர்ந்த மேல்மண் முதலில் நனைய வேண்டும். மிச்சம்தான் பாறைக்குள் இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்தும். குளிர்காலம் பிறந்த பிறகே பெரும்பாலும் ஊற்றுக்கண் திறக்கும். மட்டம் ஏற ஏற, பள்ளத்தாக்கில் மேல்நோக்கி ஒவ்வொரு கண்ணாகத் திறந்துகொண்டே போகும். கீழே வற்றாத பகுதியில் அதற்கு முன்பே, நவம்பர் வாக்கில், பழுப்பு ட்ரவுட் மீன்கள் சரளையைக் கிளறி முட்டையிடத் தொடங்கியிருக்கும்.

"பனியோடை" என்றால் பனியாற்றோடு குழம்பும். ஊற்றுக்கண் திறப்பதையே பெயராக்கிக் "கண்திறப்போடை" என்றால் என்ன? அகராதிக்காரர்கள் சிரிக்கலாம், சிரிக்கட்டும். "பருவ ஊற்றோடை" பாதுகாப்பான மாற்று; ஆனால் எந்தப் பருவம் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

நிலவியல் படித்தவர்களிடம் ஒரு கேள்வி: கால்சியத்துக்குச் சிலர் "சுண்ணகம்" என்று எழுதுகிறார்கள். "சுண்ண" என்ற முன்னொட்டு அதோடு இடிக்குமா?