மறு: 'செயலற்ற ஒலியியல் கண்காணிப்பு' – ஒரு மாற்றுப் பரிந்துரை

வணக்கம் ஐயா, குழுமத்து அன்பர்களே.

காட்டில் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிவைத்து அங்குள்ள உயிரினங்களின் ஒலிகளை ஆராயும் முறையை ஆங்கிலத்தில் passive acoustic monitoring என்கிறார்கள். அதற்கு ஐயா முன்வைத்த 'செயலற்ற ஒலியியல் கண்காணிப்பு' என்ற தொடரை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஆங்கில மூலத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் நேர்ச்சொல் தேடியிருக்கிறீர்கள், உழைப்பு தெரிகிறது. ஆனால் துறை அறியாத ஓர் ஐந்தாம் படிவ மாணவி இதைப் படித்தால், கருவி பழுதாகிக் கிடக்கிறது என்றுதான் நினைப்பாள்.

இங்கே 'செயலற்ற' என்பதன் பொருள் ஒன்றுதான்: ஆய்வாளர் ஒலி எழுப்புவதில்லை. தெலுக் பஹாங் மீனவர் படகில் மீன்தேடும் கருவி இருந்தால், அது கடலுக்குள் ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியை வைத்து மீன்கூட்டத்தைக் காட்டும். காட்டு மரத்தில் கட்டிவைக்கும் ஒலிப்பதிவி எதையும் அனுப்புவதில்லை. குறித்த நேரத்தில் விழித்து, காதில் விழுவதைப் பதிந்துகொண்டு, மீண்டும் உறங்கிவிடுகிறது. இந்த வேலைக்குத் தமிழில் அருமையான வினை இருக்கிறது: செவிமடுத்தல். ஆகவே என் பரிந்துரை 'தொடர்செவிமடுப்பு'.

'தொடர்' அவசியம். ஒருநாள் போய்ப் பதிந்து வருவது வேறு. அதே இடத்தில், அதே நேரங்களில், ஆண்டுக்கணக்கில் பதிவது வேறு. காடு மாறுகிறதா என்பது இரண்டாவதில்தான் தெரியும்.

ஈப்போ அக்கா இதற்கே 'ஒலிவழி உயிரினக் கணக்கெடுப்பு' என்று எழுதியிருந்தார். படித்தவுடன் புரிகிறது, அது பெரிய பலம். ஆனால் பதிவில் நூறு கூவல் இருந்தால் நூறு குயில் இருப்பதாகப் பொருள் இல்லை; ஒரே குயில் விடிய விடியக் கூவியிருக்கலாம். பாம்பும் வண்ணத்துப்பூச்சியும் பெரும்பாலும் பதிவில் வரவே வாரா. ஒலி இல்லை என்பதால் உயிர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நாளைக்கு ஒரு மலைச்சரிவை வெட்ட நினைப்பவர் 'கணக்கெடுத்தோம், ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட நம் கலைச்சொல்லே வாசல் திறந்துவிடக் கூடாது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

'கண்காணிப்பு' நல்ல சொல்தான். ஆயினும் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் பின்னால் கங்காணியும் வந்து நிற்பார். பால்மரக் காட்டில் ஆளை மேய்த்தவரின் பெயரைக் காட்டைக் கேட்கும் வேலைக்கு வைக்க எனக்கு விருப்பமில்லை.

'செவி' மனிதருடையது, கருவியோ மனிதர் கேளாததையும் பதிகிறதே என்று தம்பி கேட்டது சரியான கேள்வி. நமக்கு 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேல் கேட்பதில்லை. பூச்சி தின்னும் வௌவால்களின் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலேதான். ஆடியோமாத் என்ற கையடக்கக் கருவி நொடிக்கு 384,000 ஒலி மாதிரிகள் வரை எடுக்கும். மாதிரி எண்ணிக்கையில் பாதி அளவு அதிர்வெண் வரை பதிவாகும் என்பதால் வௌவாலும் அதில் சிக்கும். ஆனால் தம்பி, வௌவாலுக்கும் செவி உண்டே! சொல் மனிதக் காதோடு நின்றுவிடவில்லை.

அடுத்தது, ஓரிடத்தின் ஒலிகள் அனைத்தையும் சேர்த்துக் குறிக்கும் சொல். 'நிலவொலி' வேண்டாம், வாய்விட்டுச் சொன்னால் நிலவொளியாகிவிடும். 'ஒலிப்பரப்பு' வானொலிக்குப் போய்விடும். 'திணையொலி' மீது எனக்கும் ஆசைதான். தொல்காப்பியம் புள்ளையும் பறையையும் யாழையும் கருப்பொருளில் சேர்த்திருக்கிறது. ஆனால் செபராங் பிறையின் செம்பனைத் தோட்டம் எந்தத் திணை? 2021-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பினாங்குக் கொடிமலை, கரையோரச் சதுப்புக்காடு, செம்பனை, நகரப் பூங்கா என நாலு இடத்துக்கும் ஒரே கருவியைக் கொண்டுபோய்ப் பதிவுகளை ஒப்பிடுவதுதானே இந்த வேலை. எந்த நிலத்துக்கும் பொருந்தும் 'ஒலிநிலம்' போதும்.

ஒலிநிலத்தை அதிர்வெண் வரைபடமாகப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் இன்னும் பிடிக்கும். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண். அந்தி மயங்கும் வேளையில் சிள்வண்டுகள் தடித்த பட்டையாக நடுவை அடைத்துக்கொள்கின்றன. அதற்குக் கீழே கிடைத்த இடைவெளியில் ஒரு பறவையின் குரல் வளைகோடாக ஏறி இறங்குகிறது. மழை பிடித்தால் மேலிருந்து கீழ்வரை எல்லாம் மூடிப்போகும். அந்தப் பதிவுகளை முதலில் கழித்துவிட்டுத்தான் மற்ற வேலை. ஒவ்வோர் உயிரும் நேரத்திலும் அதிர்வெண்ணிலும் தனக்கென ஓர் இடம் பிடித்துக்கொள்கிறது என்பது இயற்கை ஒலிகளை ஆராயும் பெர்னி கிராவுசின் கருதுகோள்.

ஒலிகளை அவர் மூன்றாகப் பிரித்ததற்கு உயிரொலி, புவியொலி (காற்று, மழை போன்றவை), மாந்தரொலி என்று வைக்கலாம். தைப்பூசத்தில் தண்ணீர்மலையின் உறுமிமேளம் மாந்தரொலி. அதில் சிக்கல் இல்லை. பாலிக் புலாவ் கம்பத்துச் (சிற்றூர்) சேவல்தான் இடிக்கிறது. எழுப்புவது யார் என்று பார்த்தால் உயிரொலி. ஆனால் அப்படி வைத்தால், கோழிகள் நிறைந்த கம்பத்துப் பதிவில் உயிரொலி கூடிப்போய்க் காட்டுக்கு இணையாகத் தெரியும். 'வளர்ப்புயிரொலி' என்று ஓர் உட்பிரிவு வைக்கலாமா? நாய்க்குரைப்பும் அதில் அடங்கும். சொல் கொஞ்சம் நீளம். ஐயாவிடமோ அக்காவிடமோ குறுகிய சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு